நோயாளியிடம் மறைப்பது குற்றமாகட்டும்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை ஊர் மறந்திருக்கலாம். சுகாதாரத் துறைக்கு மறக்கும் உரிமை கிடையாது. ரத்தசோகையோடு சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு, சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தத்தை ஏற்றினார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தக் கொடுமையைக் கண்டுபிடித்தது ரத்த வங்கியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. ரத்தம் கொடுத்த 19 வயது இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக உடற்தகுதிச் சோதனைக்குப் போனபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்தவுடன், தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று தானாகவே தகவல் சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில் வெளிவந்த இன்னொரு உண்மை இதைவிடக் கசப்பானது. அதே இளைஞர் 2016-லும் ரத்ததானம் செய்திருக்கிறார். அப்போதே தொற்று இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது; அந்த ரத்தத்தை அப்புறப்படுத்தியும் இருக்கிறார்கள். கொடுத்தவருக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. அன்று சொல்லியிருந்தால் அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார். மறுபடியும் ரத்தம் கொடுக்க வந்திருக்க மாட்டார். அந்தப் பெண்ணும் சுகமாகப் பிள்ளை பெற்று வீட்டுக்குப் போயிருப்பாள். இவை எதுவும் நடக்கவில்லை. அந்த டிசம்பர் முடிவதற்குள் இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வக நுட்பநர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இந்தச் சங்கிலி முழுவதிலும் உண்மையைத் தாமாக முன்வந்து சொன்னவர் ஒரே ஒருவர். அவர் அரசுச் சம்பளம் வாங்குபவர் அல்லர்.

மருத்துவத் தவறை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதை, தவறு நடந்து முடிந்தபின் காட்டப்படும் மரியாதைக் குறைவாகவே நம் நிர்வாகம் பார்த்துவந்திருக்கிறது. அந்தப் பார்வையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். சாத்தூரில் சொல்லாமல் விட்டதுதான் காயத்தையே உண்டாக்கியது. மறைக்கப்பட்ட தவறு ஒரு நாளும் அதே இடத்தில் நிற்பதில்லை. அடுத்த படுக்கையைத் தேடிப் போகிறது.

எழும்பூர் அரசு மருத்துவமனை வழக்கை எடுத்துக்கொள்வோம். 1996 ஆகஸ்டில் 29-ஆவது வாரத்திலேயே, 1,250 கிராம் எடையோடு, ஒரு பெண் குழந்தை அங்கே பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதற்காக அந்த மருத்துவர்களைப் பாராட்டலாம். ஆனால் குறைப்பிரசவக் குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். தவறினால் பார்வை போகும். இதைப் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. நாலரை மாதத்தில் தடுப்பூசி போட வந்த ஒரு குழந்தைகள் நல மருத்துவர் கண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டபோது காலம் கடந்திருந்தது. குழந்தை பார்வையை இழந்தது. பெற்றோர் நீதிமன்றப் படியேறினார்கள். அரசு என்ன செய்தது? தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க மனமில்லாமல், ஆண்டுக்கணக்கில் எதிர்வழக்காடியது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தபோது அந்தக் குழந்தைக்கு ஏறக்குறைய 19 வயது. தன் பக்கம் தவறில்லை என்று நிறுவுவதற்காக ஒரு பார்வையற்ற குழந்தையின் முழுப் பருவத்தையும் ஓர் அரசு வழக்கில் கழித்திருக்கிறது. அரசு வழக்கறிஞர்களுக்கு அது இன்னொரு வாய்தா. அந்த வீட்டுக்கு அதுதான் வாழ்க்கை.

எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் ஒரு காலைப் பொழுதில் போய்ப் பிணவறை வாசலில் நின்று பாருங்கள். பிரசவத்துக்குச் சேர்த்த மகள் விடியற்காலையில் இறந்துவிட்டாள். "எங்களால முடிஞ்சதைப் பார்த்தோம்மா" என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டர் போய்விட்டார், ஷிப்ட் மாறிவிட்டது. கேஸ் ஷீட் ஆர்.எம்.ஓ. அறைக்குப் போய்விட்டது. தாயின் மடியில் ஸ்கேன் படங்களும் மருந்துச் சீட்டுகளும் திணித்த ஜவுளிக்கடைப் பை ஒன்று. எதிரே வருகிற வெள்ளைக் கோட்டு ஒவ்வொன்றையும் மறித்து அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "ராத்திரி என்ன சார் ஆச்சு?" பதில் தெரிந்தவர்கள் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறார்கள். யாரும் இறங்கி வருவதில்லை. பத்து மணிக்கு உறவுக்காரர்கள் உடலை வாங்க மாட்டோம் என்று சாலையில் உட்காருகிறார்கள். போக்குவரத்து நின்றபிறகுதான் அதிகாரம் இறங்கி வருகிறது. முதலில் இன்ஸ்பெக்டர், பிறகு டி.எஸ்.பி., பிறகு தாசில்தார். "எழுதிக் குடுங்கம்மா, கண்டிப்பா விசாரிக்கிறோம்." பொழுது சாய்வதற்குள் கையெழுத்து வாங்கி, உடலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில், பேச்சுவார்த்தைக்குப் பின் உறவினர்கள் கலைந்து சென்றனர் என்று நான்கு வரி.

ராத்திரி என்ன ஆயிற்று என்பதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் வாங்க, பெற்ற மகளின் உடலையே பிணையாக வைக்கும் நிலைக்கு ஒரு தாயைத் தள்ளும் அமைப்பு வெட்கப்பட வேண்டும். அந்த மரணம் தவிர்க்க முடியாததாகவே இருந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு எத்தனை திறமையான கைகளையும் மீறிப் போவதுண்டு. அப்படியானால் அதைச் சொல்ல வேண்டியதுதானே? தவறே செய்யாத மருத்துவரும் வாயை மூடிக்கொள்வதால், தவறு செய்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. இதில் நேர்மையான மருத்துவருக்கும் நட்டம்தான்.

தனியார் மருத்துவமனைகளில் பிணவறை வாசல் இன்னும் சுத்தமாக இருக்கும், மறைப்பும் அப்படியே. அறுவை சிகிச்சையில் குடல் கிழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படுகிறது என்பார்கள். அந்த இரண்டாவது ஆபரேஷனுக்கும், ஐ.சி.யு. நாட்களுக்கும், அதற்குரிய மருந்துகளுக்கும் பில் போடுவார்கள். நிலைமை கைமீறினால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று நள்ளிரவில் ஆம்புலன்சில் ஏற்றி, இறப்பு வேறிடத்துக் கணக்கில் விழும்படி பார்த்துக்கொள்வார்கள். எல்லா மருத்துவமனைகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இப்படிச் செய்கிற மருத்துவமனையைத் தடுக்க இந்த மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறோம். தன் தவறைச் சரிசெய்ய ஆன செலவை, அந்தத் தவறால் பாதிக்கப்பட்டவரிடமே வசூலிப்பது பகற்கொள்ளை. மருத்துவமனைகளுக்கு உரிமம் வழங்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டில்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளியைப் பற்றிக் கவலைப்படுகிறது. இந்த வசூலைப் பற்றியும் அது கவலைப்பட வேண்டும்.

சட்டம் தங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கும் நோயாளிகளுக்கு ஒரு வழக்கை நினைவூட்டலாம். கோவாவில் செவிலியராக இருந்த ஒரு பெண்ணுக்கு 1993-இல் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலி விட்டபாடில்லை. 2002-இல் மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே மருத்துவத் துணிச்சுருள் இருந்தது. வழக்குப் போட்டார். இத்தனை ஆண்டு வலித்தும் காரணத்தைத் தேடாமல் இருந்திருக்கிறார், எனவே காலக்கெடு கடந்துவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நுகர்வோர் சட்டத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். மருத்துவம் தெரிந்த செவிலியருக்கே இந்த நிலை என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத கூலிப் பெண்ணுக்கு என்ன நியாயம் கிடைக்கும்? சொல்லாமல் இருந்தாலே போதும், கடிகாரம் மருத்துவமனையின் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். மறைப்புக்குப் பரிசு தருகிற ஏற்பாடு இது.

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி சொல்கிறது. கேட்டால்தான். தனக்கு ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? தாமாகவே சொல்லியாக வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. இதே மருத்துவமனைகளில் ஒரு செவிலியருக்கு ஊசி குத்திவிட்டால், 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும் என்று பதிவேடும் நடைமுறையும் தயாராக இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஊழியருக்கு நேர்ந்தால் மணிக்கணக்கில் ஓடத் தெரிந்த நிர்வாகம், நோயாளிக்கு நேர்ந்தால் ஏன் வாரக்கணக்கில் வாய் திறப்பதில்லை?

மருத்துவர்களின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி, சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் மருத்துவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. கடுமையான அலட்சியத்துக்கு மட்டுமே மருத்துவர் மீது குற்றவழக்கு நிற்கும், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் வழக்குத் தொடரக் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டாலும், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் எந்த மருத்துவருக்கும் கை நடுங்கும். 2012-இல் தூத்துக்குடியில், இறந்துபோன நோயாளியின் கணவர் ஒரு பெண் மருத்துவரைக் கொன்றார். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தியவர் நோயாளியின் மகன். இவற்றுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. கத்தியெடுத்தவர்கள் சட்டத்தின் முழுத் தண்டனையையும் பெற வேண்டும். ஆனால் மருத்துவர் சங்கங்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் அவர்கள் கேட்பது கூடுதல் காவலர்களையும் கேமராக்களையும்தான். நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஓர் அறையும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு மூத்த மருத்துவரும், பேசியதற்காகத் தண்டிக்கப்பட மாட்டோம் என்ற உறுதியும் வேண்டும் என்று எந்தச் சங்கம் வேலைநிறுத்தம் செய்திருக்கிறது?

அச்சத்தை வளர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு. 2022 நவம்பரில் சென்னைப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். தவறு நடந்தது என்று அமைச்சரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை ஏற்கிறோம். ஆனால் அது தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் வந்த நேர்மை. கேமரா வராத படுக்கைகளில் அந்த ஒப்புதல் ஏன் வருவதில்லை? செய்தியாகிவிட்டால் சஸ்பெண்ட், ஆகாவிட்டால் மௌனம் என்ற இந்தப் பழக்கம், மருத்துவர்களுக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் நடத்துகிறது: வெளியே தெரியாமல் பார்த்துக்கொள். விசாரணைக் குழு அமைப்பதோடு செய்தி முடிந்துபோகிறது. எத்தனை குழுக்களின் அறிக்கைகள் பாதிக்கப்பட்டவர்களின் கைக்குப் போயிருக்கின்றன என்று துறை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

உண்மையைச் சொன்னால் வழக்குகள் குவியும், மருத்துவமனைகள் திவாலாகும் என்பது வழக்கமான எதிர்வாதம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் தன் தவறுகளைத் தானே நோயாளிகளிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, வழக்குக்குக் காத்திராமல் இழப்பீடும் கொடுத்துவருகிறது. முன்பின் ஆண்டுகளை ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்கு மாதத்துக்கு 2.13 ஆக இருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்திருந்தன. கோபத்தில் நீதிமன்றம் போகிறவர்களில் பெரும்பாலோர் பணத்துக்காகப் போவதில்லை என்பது வழக்கறிஞர்களுக்கும் தெரியும். என்ன நடந்தது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் போகிறார்கள்.

பிரிட்டனில் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையின் அவலங்களை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ் 2013-இல் அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டே, நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் தாமாகவே சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமையானது. மன்னிப்புக் கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்றும் அங்கே சட்டம் இருக்கிறது. அந்தக் கடமை அத்தனை காலம் இல்லாமல் போனதன் விலையும் அவர்களுக்குத் தெரியும். 1970-களிலும் 80-களிலும் தொற்றுள்ள ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000-க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் தொற்றுகளுக்கு ஆளானார்கள். அரசும் மருத்துவத் துறையும் பல பத்தாண்டுகள் உண்மையை மறைத்தன என்று நீதிபதி லாங்ஸ்டாஃபின் விசாரணை 2024 மே மாதத்தில்தான் சொல்ல முடிந்தது. கேட்க வேண்டியவர்களில் பல ஆயிரம் பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். தவறைப் பயமில்லாமல் ஆராய்வது எப்படி என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். இங்கே ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் உடனே அறிக்கை போகிறது. கிராம சுகாதார செவிலியர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை உட்கார்ந்து, எங்கே தாமதமானது, எங்கே ரத்தம் கிடைக்கவில்லை, யார் எப்போது மேல் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று அலசுகிறார்கள். யாரையும் மாட்டிவிடுவதற்காக இந்த ஆய்வு இல்லை என்பதே அதன் அடிப்படை. 2018–20 கணக்கெடுப்பில், உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நாட்டின் தாய்மரண விகிதம் 97 ஆக இருந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. இதில் அந்தத் தணிக்கைக்குப் பெரிய பங்குண்டு. இந்தச் சாதனையை நாம் பெருமையோடு சொல்கிறோம். அதனால்தான் கேட்கிறோம்: இவ்வளவு நேர்மையாக ஆராய்ந்து கண்ட உண்மையை, செத்துப்போனவளின் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கடமை மட்டும் ஏன் ஒருவருக்கும் இல்லை? மூடிய அறைக்குள் ஒப்புக்கொள்ள முடிகிற தவறை, தாயில்லாமல் போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பாட்டியிடம் ஏன் ஒப்புக்கொள்ள முடியவில்லை?

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்கத் தமிழ்நாடு அரசுக்கு இடமில்லை. நோயாளிக்கு உண்மையைச் சொல்லும் கடமையை, அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளுக்கும் சட்டமாக்க வேண்டும். தீங்கு நேர்ந்தது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் பொறுப்பான மூத்த மருத்துவர் ஒருவர் நோயாளியிடமோ குடும்பத்திடமோ நேரில் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவரை அனுப்பி வைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தமிழில், கேஸ் ஷீட் நகலோடு எழுதித் தர வேண்டும். தவறைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. தானே முன்வந்து சொன்ன மருத்துவரின் வார்த்தையை அவருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது. சொல்லத் துணிந்த செவிலியரையும் லேப் டெக்னீஷியனையும் இடமாற்றம் செய்து பழிவாங்கக் கூடாது. மறைத்தவருக்கும், கேஸ் ஷீட்டைத் திருத்தியவருக்கும், திருத்தச் சொன்ன நிர்வாகிக்கும் தண்டனை தவறைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டைத் திருத்துகிற கை கவனப்பிசகால் அதைச் செய்வதில்லை, தெரிந்தே செய்கிறது.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலும் தன் பங்கைச் செய்ய வேண்டும். தகுதியில்லாமல் ஊசி போடும் போலி மருத்துவர்களைப் பற்றி அது பேசுகிற அளவுக்கு, தகுதியுள்ள மருத்துவர் தன் நோயாளியிடம் பொய் சொல்வதைப் பற்றிப் பேசி நாம் கேட்டதில்லை. தெரிந்தே மறைத்ததை ஒழுங்கீனமாக அறிவித்து, பதிவை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அது பயன்படுத்தட்டும். மருத்துவக் கல்லூரிகளில் இதயத்துடிப்பைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுபோலவே, கெட்ட செய்தியைக் கண்ணைப் பார்த்துச் சொல்லவும் கற்றுக்கொடுக்கட்டும். சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதேனும் தீங்கு நேர்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் என்றோ ஒருநாள் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர்தான்.

சட்டம் நிறைவேற மாதங்கள் ஆகலாம் என்று சொல்வார்கள். ஆகட்டும். ஆனால் அரசு மருத்துவமனைகள் அரசுக்குச் சொந்தமானவை. அவற்றில் இந்த நடைமுறையைத் தொடங்கச் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதாரத் துறைச் செயலர் கையெழுத்திட்ட ஓர் அரசாணை போதும். அதை இந்த மாதமே வெளியிட வேண்டும். தீங்கு நேர்ந்தால் யார் சொல்வார், எத்தனை மணி நேரத்தில் சொல்வார், சொல்லாவிட்டால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதைத் தமிழில், படிக்கக்கூடிய பெரிய எழுத்தில், ஒவ்வோர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலிலும் அறுவை அரங்கு வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.